தேர்த்துகள்னு 22 இலக்க நம்பர் ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துது, இதுல கணக்கு ஏதாச்சும் இருக்கா இல்ல சும்மாவா?

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம், விவசாயம்தான், கணக்கெல்லாம் பிளஸ் டூவோட சரி. நேத்து குறுவை நெல்லை கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு டோக்கனுக்காக உக்காந்திருந்தேன், பொழுது போவல, அப்ப ஊர் குரூப்ல அந்த பழைய ஃபார்வேர்டு திரும்ப வந்துச்சு. தமிழன் கண்ட பின்னக் கணக்குன்னு போட்டு ஒரு பட்டியல், நீங்களும் பாத்துருப்பீங்க. முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/102400, இம்மி 1/2150400, மும்மி 1/23654400, அணு 1/165580800, குணம் 1/1490227200, பந்தம் 1/7451136000, பாகம் 1/44706816000, விந்தம் 1/312947712000, நாகவிந்தம் 1/5320111104000, சிந்தை 1/74481555456000, கதிர்முனை 1/489631109120000, குரல்வளைப்படி 1/9585244364800000, வெள்ளம் 1/575114661888000000, நுண்மணல் 1/57511466188800000000, கடைசியா தேர்த்துகள் 1/2323824530227200000000.

எப்பவும் கீழ தள்ளிட்டு போயிடுவேன். பத்தாவது படிக்கிற பையன் கூட இருந்தான், அவன் போனை வாங்கி பாத்துட்டு "அப்பா இந்த கடைசி நம்பர் எதெதால வகுபடும்"னு கேட்டுட்டான். போன் கால்குலேட்டர்ல போட்டா 2.32னு ஆரம்பிச்சு பின்னாடி ஈ 21னு நிக்குது, வீட்டுக்கு வந்து எக்செல்ல மீதி பாக்கலாம்னா எர்ரர் அடிக்குது, சரின்னு பேப்பர்லயே வகுத்தோம். 7 போவுது. 11 போவுது. 13ம் போவுது! 17ம் போவுது (17னா எனக்கு நெல்லு ஈரப்பதம்தான் ஞாபகம் வரும், அதுக்கு மேல ஏறுனா மூட்டையை எடுக்க மாட்டாங்க). 19 மட்டும் போவல. எவனோ வாய்க்கு வந்ததை டைப் அடிச்ச நம்பர்னா இப்படி வரிசையா போவுமா? இந்த நம்பருக்குள்ள என்னதான் இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எதிர்க்கேள்வி:

அண்ணே இதெல்லாம் காலையில பூ போட்டோ கூட வர்ற ஃபார்வேர்டு. அணுன்னு பேர் இருக்கறதால தமிழன் அணுவை கண்டுபிடிச்சான்னு அடுத்த வரி வரும் பாருங்க. நேரத்தை வீணாக்காதீங்க.

வெண்ணாத்தங்கரை:

அந்த வரியும் இருந்துச்சு தம்பி, அதை நான் வேணும்னுதான் விட்டுட்டேன். நான் கேக்கறது நம்பரைப் பத்தி மட்டும்.

பைத்தான் தம்பி:

அண்ணே நமக்கு சொந்த ஊர் குடவாசல், இப்ப இருக்கறது பெங்களூர். பைத்தான்ல (கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதற மொழி) எவ்ளோ பெரிய முழு எண்ணையும் அப்படியே போடலாம், அது பாட்டுக்கு வகுக்கும். போட்டுப் பாத்தேன், கண்ணை மூடி தொறக்கறதுக்குள்ள வந்துருச்சு:

2323824530227200000000 = 2^22 × 3^5 × 5^8 × 7^4 × 11 × 13 × 17

அவ்ளோதான், இதுக்கு மேல ஒரு பகா எண்ணும் கிடையாது. 22 இலக்க நம்பர்ல பெரிய பகாக் காரணியே 17தான்! நான் வேலையில நெறைய பெரிய நம்பரை உடைச்சிருக்கேன், சும்மா ஒரு 22 இலக்க நம்பர் எடுத்தா பொதுவா உள்ள எங்கயாச்சும் எட்டு பத்து இலக்கத்துல ஒரு முரட்டு பகா எண் உக்காந்திருக்கும். இது அப்படி இல்ல, பூரா பொடிசு. 1லேந்து 18 வரைக்கும் எதால வேணா வகுக்கலாம், 19ல நின்னுடும், உங்க பையன் கண்டது சரிதான். அப்புறம் 20, 21, 22 எல்லாம் திரும்ப போவும்.

மொத்தம் எத்தனை எண்ணால வகுபடும்னா, ஒவ்வொரு அடுக்கோடயும் ஒண்ணு கூட்டி பெருக்கணும், 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2 = 49,680. கடைசியில எட்டு சைபர் ஏன்னா 5 எட்டு தடவை இருக்கு, ஒவ்வொரு 5க்கும் ஜோடியா ஒரு 2 வேணும், 2 தாராளமா இருக்கு.

வெண்ணாத்தங்கரை:

தம்பி பெரிய உதவி. ஆனா ஏன் எல்லாம் பொடி எண்ணாவே இருக்கு? அதைத்தான் பையன் இப்ப கேக்கறான், நான் மாட்டிக்கிட்டேன்.

கும்மோணம் டீச்சர்:

பையனை விட்டுடாதீங்க, நல்ல கேள்வி கேக்கறான். பதில் சுலபம்தான். அந்த நம்பர் ஒரே மூச்சுல பொறந்ததில்ல, படிப்படியா பெருக்கி வந்தது, அதனால பெருக்குன சின்ன எண்கள் எல்லாம் உள்ளயே கெடக்கு. பட்டியல்ல ஒவ்வொண்ணையும் அதுக்கு முந்தினதால வகுத்துப் பாருங்க. 320 × 320 = 102400. அதை 21ஆல பெருக்குனா இம்மி. இம்மியை 11ஆல பெருக்குனா மும்மி, அதை 7ஆல பெருக்குனா அணு, அப்புறம் 9, 5, 6, 7, 17, 14. சிந்தை வரைக்கும் ஒரு பிசிறு இல்லாம வருது. அதாவது 21 இம்மி சேர்ந்தா ஒரு கீழ்முந்திரி, 11 மும்மி சேர்ந்தா ஒரு இம்மி, இப்படி. 17 எங்கேந்து வந்துச்சுன்னா விந்தத்துலேந்து நாகவிந்தத்துக்கு போற படியிலேந்து. அதனால "அணு"ங்கறது 102400 × 21 × 11 × 7ல ஒரு பங்கு, அவ்ளோதான், பௌதிகத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இப்ப ஒரு விஷயம். சிந்தைக்கு அப்புறம் கதிர்முனையை வகுத்துப் பாத்தீங்களா? 489631109120000ஐ 74481555456000ஆல வகுத்தா ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுல எங்கயோ போயி நிக்குது. அதுக்கு அடுத்ததும் சரியா வரல. நான் மொதல்ல பட்டியல் செஞ்சவங்க தப்புன்னுதான் நெனச்சேன். அப்புறம் இலக்கத்தை கூட்டிப் பாத்தேன், சின்ன கிளாஸ் பசங்களுக்கு சொல்லித் தர்ற அதே ஒம்பது சோதனை. குணத்துலேந்து எல்லா எண்ணுமே 9ஆல வகுபட்டுத்தான் ஆவணும், ஏன்னா அதுக்குள்ள 21ம் 9ம் பெருக்கியாச்சு. குணம் 1490227200, கூட்டுனா 27, சரி. கதிர்முனையை கூட்டுங்க: 4+8+9+6+3+1+1+0+9+1+2 = 44. ஒண்ணு குறையுது! குரல்வளைப்படி கூட்டுத்தொகை 58, அதுக்கு அடுத்த ஒம்பதின் மடங்கு 63, அஞ்சு குறையுது. வெள்ளம் 60, மூணு குறையுது. நுண்மணலும் 60, அதே மூணு.

முன்னாடி அந்த இலக்கத்தை ஒட்டிப் பாருங்க. கதிர்முனை 1489631109120000, இது சிந்தையை போல சரியா 20 மடங்கு. குரல்வளைப்படி 59585244364800000, தனக்கு முந்தின கதிர்முனையை போல 40 மடங்கு. வெள்ளம் 3575114661888000000, 60 மடங்கு. நுண்மணல் 357511466188800000000, நூறு மடங்கு. எனக்கு கொஞ்ச நேரம் கையே ஓடல. கணக்கு போட்டவங்க தப்பு பண்ணல, எங்கயோ ஒருத்தர் காப்பி பண்ணும்போது நாலு எண்ணுல மொத இலக்கத்தை தின்னுட்டாங்க, எல்லாரும் அதையே ஃபார்வேர்டு பண்ணிட்டு இருக்கோம்.

பைத்தான் தம்பி:

டீச்சர் 🙏 நான் கடைசி நம்பரை மட்டும் உடைச்சுட்டு போயிட்டேன், நடுவுல உள்ளதை பாக்கவே இல்ல.

எதிர்க்கேள்வி:

டீச்சர் ஒரு சந்தேகம். ஒம்பது சோதனை எந்த இலக்கம் காணும்னு சொல்லும், எந்த இடத்துல காணும்னு சொல்லாதே? ஒண்ணை நடுவுல எங்க சொருவுனாலும் கூட்டுனா 45தான வரும். முன்னாடிதான் போச்சுன்னு எப்படி சொல்றீங்க?

கும்மோணம் டீச்சர்:

சரியான எதிர்க்கேள்வி, பேருக்கு ஏத்த மாதிரி. நான் அதுக்கு முந்தின படியால வகுத்து 20 மடங்குன்னு பாத்ததுதான் ஆதாரம். ஆனா வகுக்காமலே 11ஐ வெச்சும் பாக்கலாம், மும்மியிலேந்து எல்லாத்துலயும் 11 இருக்குல்ல. கடைசி இலக்கத்துலேந்து கூட்டல் கழித்தல் மாத்தி மாத்தி போட்டா (சைபரை விட்டுட்டு) 2−1+9−0+1−1+3−6+9−8+4 = 12. சைபராவோ பதினொண்ணோட மடங்காவோ வந்துருக்கணும். மொத இடத்துல 1 வெச்சா அது கழித்தல் முறை, 12−1 = 11. உக்காந்துருச்சு. ஒம்பது எந்த இலக்கம்னு சொல்லுது, பதினொண்ணு இடத்தை சொல்ல உதவுது. 0வோ 9ஓ காணாம போயிருந்தா ஒம்பது சோதனை கண்டுபிடிச்சிருக்காது, நமக்கு அதிர்ஷ்டம்.

பழைய கர்ணம் வீடு:

எனக்கு எழுபத்தஞ்சு வயசு, பேரன் டைப் பண்றான், நான் சொல்றேன். தாத்தா கர்ணம் வேலை (ஊர் கணக்குப்பிள்ளை) பாத்தவர், அவர் நோட்டுல இந்த பட்டியலோட பாதி இருந்துச்சு, அதுல இருபத்தோரு இம்மி இல்ல, பத்தரை இம்மி ஒரு கீழ்முந்திரின்னு இருக்கும். அப்ப இம்மி 10,75,200ல ஒரு பங்கு. நீங்க சொல்ற 21,50,400ல சரியா பாதி. எது மூலம்னு சண்டை போட எனக்கு தெம்பு இல்ல, ஆனா அரை எல்லாம் வரும்னு சொல்ல வந்தேன், எண்சுவடியில (அந்தக் கால வாய்ப்பாட்டு புத்தகம்) அரை, கால் வாய்ப்பாடே தனியா உண்டு, நாங்க திண்ணையில உக்காந்து கத்துனதுதான்.

நீடாமங்கலம் தம்பிக்கு முந்திரின்னா என்னன்னு பையனுக்கு காட்டத் தெரியலைன்னா நம்ம நெலத்தை வெச்சு சொல்லுங்க. ஒரு வேலி இருவது மா. மான்னா பின்னத்துலயும் இருவதுல ஒண்ணுதான், நெலத்துலயும் வேலியில இருவதுல ஒண்ணுதான், ரெண்டும் ஒரே சொல். மூணு மா ஒரு ஏக்கர்னு வெச்சா வேலி ஆறே முக்காலுக்கு கொஞ்சம் கம்மி ஏக்கர், 2,90,400 சதுர அடி. அதுல முந்திரி, 320ல ஒண்ணு, 907 சதுர அடி சொச்சம். அதுல ஒரு கீழ்முந்திரி மூணு சதுர அடி கூட வராது, ஒரு ஆள் நிக்கற எடம். கீழ்னு சேர்த்தா இன்னொரு 320ஆல வகுக்கறதுன்னு அர்த்தம். இன்னொரு கீழ் போட்டா தீப்பெட்டியில பாதி.

இது சும்மா வாய்ஜாலம்னு நெனைக்க வேண்டாம். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் காலத்து கல்வெட்டுல ஊர் ஊரா நெலம் சொல்லியிருக்கு பாருங்க, வேலி, மா, காணி, முந்திரிகை, அதுக்கு கீழ், அதுக்கும் கீழ்னு போவும். ஒரு வேலியில 52,42,88,00,000ல ஒரு பங்கு வரைக்கும் கணக்கு போயிருக்குன்னு வரலாற்று ஆளுங்க எழுதியிருக்காங்க. 5,242 கோடியே 88 லட்சம்!

பைத்தான் தம்பி:

தாத்தா அதையும் உடைச்சேன். 52428800000 = 2^24 × 5^5. ரெண்டும் அஞ்சும் மட்டும்! 320ஐ நாலு தடவை பெருக்கி அஞ்சால பெருக்குனா அப்படியே வருது. இன்னிக்கு வேலி கணக்குல போட்டா அரை சதுர மில்லிமீட்டர் நெலம், கடுகை விட சின்னது.

கும்மோணம் டீச்சர்:

இதுதான் எனக்கு பெரிய விஷயமா படுது. நெலத்தை அளந்து வரி போட்டவங்க எண்ணுல 2, 5 தவிர வேற பகா எண்ணே இல்ல. பாதி, கால், அரைக்கால், இருவதுல ஒண்ணுன்னு பிரிச்சு பிரிச்சு போனா அப்படித்தான் வரும், தசமத்துல எழுதினாலும் எங்கயாச்சும் முடிஞ்சுடும். கீழ்முந்திரி வரைக்கும் நம்ம பட்டியலும் அதே மாதிரி சுத்தமா இருக்கு. இம்மியிலேந்துதான் 3, 7, 11, 17, கடைசியில 13 எல்லாம் நுழையுது. 7ஆல வகுக்கற பங்கை வெச்சுக்கிட்டு எந்த கர்ணமும் வரி வசூல் பண்ணியிருக்க மாட்டார்னு என் எண்ணம். மேல் பாதி புழக்கத்துக்கு, கீழ் பாதி வாத்தியார் மூளைக்கு. இது என் ஊகம்தான், பெரியவர் மறுத்தா கேட்டுக்கறேன்.

13 எங்கேந்துன்னு சொல்ல மறந்துட்டேன். திருத்துன நுண்மணலை வெச்சு தேர்த்துகளை வகுத்தா சரியா ஆறரை வருது. ஆறரைன்னா 13ல பாதி. மொத்த எண்ணுக்கும் 13ஐ குடுத்தது அந்த ஒரே ஒரு படி, கூடவே ஒரு 2ஐ புடிங்கிக்கிட்டு போயிருக்கு. அதான் 22, இல்லன்னா 2^23 இருந்திருக்கும். பெரியவர் சொன்ன பத்தரை மாதிரி இது ஒரு ஆறரை.

எதிர்க்கேள்வி:

சரி ஒத்துக்கறேன், ஃபார்வேர்டுக்குள்ள கணக்கு இருக்கு. ஆனா 49,680 வகுத்திங்கறது பெரிய ரெக்கார்டா? உங்க ஊரே கணித மேதை ராமானுஜன் ஊரு, அவர் இப்படி எண்ணைப் பத்தி எழுதியிருக்காருன்னு கேள்வி.

கும்மோணம் டீச்சர்:

ரெக்கார்டு இல்ல. 1915ல ராமானுஜன் எழுதினது, தனக்கு முன்னாடி உள்ள எல்லா எண்ணையும் விட அதிக வகுத்தி உள்ள எண்களைப் பத்தி. அந்த மாதிரி எண்ணுல அடுக்கு எறங்கிக்கிட்டே வரணும், 2க்கு அதிகம், 3க்கு அதை விட ஏறாம, 5க்கு 3ஐ விட ஏறாம. நம்ம தேர்த்துகள்ல 3க்கு 5 அடுக்கு, 5க்கு 8 அடுக்கு, தலைகீழ். ரெண்டையும் மாத்தி வெச்சாலே எண் சின்னதாயிடும், வகுத்தி எண்ணிக்கை அப்படியே இருக்கும். அதனால போட்டியிலேயே இல்ல.

ராமானுஜன் பட்டியல்ல கடைசி எண் 6746328388800, அதுக்கு 10,080 வகுத்தி. அதை 29, 31, 37, 41, 43ஆல பெருக்கிப் பாருங்க, அப்பவும் தேர்த்துகளை விட சின்ன எண்தான், ஆனா வகுத்தி 3,22,560. ஒண்ணு சொல்லணும், அந்த பட்டியல்லயே ஒரு எண் விட்டுப்போச்சு, 293318625600. அதை 23ஆல பெருக்குனா வர்றது எது தெரியுமா, அதே கடைசி எண். சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளர்ந்த கைக்கே ஒண்ணு தவறியிருக்கு, வாட்ஸ்அப் அங்கிளை நாம ரொம்ப திட்ட வேண்டாம்.

சோழமண்டலம்:

இப்ப பாத்தீங்களா, நம்ம முன்னோர் முட்டாள் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன் 💪

எதிர்க்கேள்வி:

நீங்க இந்த த்ரெட்ல இப்பதான வர்றீங்க.

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, டீச்சருக்கு தனியா. ராத்திரி பையனை உக்கார வெச்சு சைபர் எல்லாம் தள்ளிட்டு 23238245302272ஐ மட்டும் எழுத சொன்னேன், அவனுக்கு பள்ளிக்கூடத்துல 1001 தந்திரம் ஒண்ணு சொல்லித் தந்திருக்காங்களாம், 7 × 11 × 13 = 1001, அதனால மூணு மூணு இலக்கமா வெட்டி மாத்தி மாத்தி கூட்டிக் கழிச்சா போதுமாம். 23, 238, 245, 302, 272னு வெட்டுனான். பின்னாடியிலேந்து 272ல 302 போவாதுப்பான்னு ஒரு நிமிஷம் நின்னான், மைனஸ் 30 போடுடான்னேன். 245 கூட்டு, 215. 238 கழி, மைனஸ் 23. கடைசியில 23 கூட்டு. சைபர். 1001 கூட இல்ல, சுத்த சைபர்! ரெண்டு பேரும் கத்துன கத்துல வீட்டுக்காரம்மா அடுப்படியிலேந்து ஓடி வந்துட்டாங்க.

திருத்துன நாலு நம்பரையும் ஊர் குரூப்ல போட்டேன். ரெண்டு பேர் கும்புடு போட்டாங்க, ஒருத்தர் சூப்பர்னு போட்டார், அரை மணி நேரம் கழிச்சு இன்னொரு மாமா பழைய பட்டியலையே திரும்ப அனுப்பியிருக்கார், கதிர்முனைக்கு 1 இல்லாம.

பழைய கர்ணம் வீட்டு ஐயாவுக்கு: 907 சதுர அடிதான் ஒரு முந்திரின்னு சொன்னதும் பையன் டேப்பை எடுத்துக்கிட்டு கொல்லைக்கு போயிட்டான். மாட்டுக் கொட்டாயிலேந்து வேலி வரைக்கும் 50 அடி, குறுக்க 18 அடி, 900. ஏழரை சதுர அடி பத்தலை, அதை எங்கேந்து எடுக்கறதுன்னு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தை பாத்துக்கிட்டு நிக்கறான்.